டேப்பின் மறுமுனை

திருப்பூர், சி பிளாக், இரண்டாம் மாடி, பதினேழாம் எண்.
டேப்பின் மறுமுனையை மயிலாத்தாள் பிடித்துக்கொண்டார்.
"சுவரோடு ஒட்டிப் பிடியுங்க."
"தொட்டாக் காரை உதிருமுங் சார்."
உதிர்ந்தது.
காரைக்குக் கழிவு உண்டு, நூற்றுக்கு நாலு.
ஒழுகலுக்கு ஆறு, ஆனால்
ஒழுகும்போது அதிகாரி நேரில் பார்த்திருக்க வேண்டும்.
நான் போனது மாசியில்.

பால்கனி பாதிக் கணக்கு.
அதில் ஓர் அடுப்பு, இரண்டு குடம்,
வேஸ்ட் துணி மூட்டை,
மூட்டைமேல் ஒரு பூனை, முழுசாக.

நொய்யல் பக்கம் சன்னல்.
காற்றோட்டம் என்று கூட்டச் சொல்கிறது விதி.
சாயத்தண்ணி வாடைக்குக் கட்டம் இல்லை.

மாத வருமானத்துக்கு ஒரே கட்டம்.
"எந்த மாசத்துதுங்?"
ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட்,
இல்லாவிட்டால் வாரம் மூன்று நாள்.
பன்னிரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தேன்.
அவர் எந்த மாதமும் வாங்கியிராத ஒரு சம்பளம் வந்தது:
எட்டாயிரத்து நாற்பது.
அதில் ஆறில் ஒன்று உச்சவரம்பு.
ஆறில் ஒன்றா ஐந்தில் ஒன்றா என்று
ஆபீசில் ஒரு மாதம் சண்டை போட்டிருந்தோம்.

"ஆயிரத்து முந்நூத்தி நாப்பதுக்கு மேல கேக்கமாட்டாங்களே?"
"வாரியம் கேட்காதுங்க."

உள் அறை சாத்தியிருந்தது.
"நைட் ஷிப்ட் பையன்" என்றார், நான் கேட்காமலே.
திறந்தோம். பையன் மூன்று பேர்.
ஒடிசாவிலிருந்து வந்து
சுவருக்குச் சுவர் படுத்திருந்தார்கள்.
டேப் அவர்களுக்கு மேலே, தொடாமல்,
நடுவில் தொய்ந்து போனது.
தொய்வோடு பத்தடி இரண்டங்குலம்.
ஒருவன் விழித்து எண்களைப் பார்த்தான்,
புரண்டு படுத்தான்.

சுவரில் பென்சில் எழுத்து.
மூன்று பெயர், பெயருக்கு எண்ணூறு,
இரண்டுக்கு டிக்.
கூட்டல் எனக்குக் கேட்காமலே வரும்.

உள்குடி வைத்திருக்கிறாரா? ஆம் / இல்லை.
ஆம் என்றால் ஒதுக்கீடு ரத்து.
அது பதினோராம் கட்டம்.
பாயளவு இடத்துக்கு உச்சவரம்பு
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
எதிர் லைன் வீட்டில் இதே அளவு அறைக்கு
நாலாயிரத்து ஐந்நூறு, அட்வான்ஸ் இருபதாயிரம்.
அங்கே டேப்போடு யாரும் படியேறுவதில்லை.

"காப்பி போடட்டுங்களா?"
"வேண்டாமுங்க."
பேனாவை மூடினேன். திறந்தேன்.

பன்னிரண்டாம் கட்டம்: கழிவறை உள்ளேயா, வெளியேயா.
உள்ளே, என்று எழுதினேன்,
தேவைக்கு மேல் அழுத்தி.

மயிலாத்தாள் மறுமுனையை விட்டார்.
டேப் சர்ரென்று ஓடிவந்து
என் விரலில் அடித்தது.