பதினான்காம் வளைவு

கட்டுப்போட்ட காலோடு ஐந்து வாரமும்
ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தேன்,
அம்மாப்பேட்டையில், ஃபேனுக்குக் கீழே,
கண்ணை மூடி, கையில் ஸ்டாப்வாட்ச்.

பக்கத்து வீட்டு விசைத்தறிதான் பெடல்.
அடிவாரம். செக்போஸ்ட். முதல் கொண்டை ஊசி.
மூன்றில் கியர்.
ஏழில் சுவர்மேல் குரங்கு.
அதையும் விடாதே என்றாள் ஃபிசியோ ரெஜினா,
என்னைவிட இரண்டு வயது சின்னவள்;
குரங்கு இல்லாத மலையை உடம்பு நம்பாதாம்.

பதினான்கில் விழுவேன்.
தினமும்.
அதே லாரி, அதே ஜல்லி,
தலையணை நனைந்திருக்கும்.
என் தலைக்குள் இருக்கும் மலை,
எனக்கே வழிவிடவில்லை.

லாரி வரட்டும், என்றாள்.
உன் கண் எங்கே இருக்கிறது, அதைச் சொல்.
ஜல்லியில்.
அதை இழுத்து இழுத்து
வளைவுக்கு அப்பால்,
சில்வர் ஓக் தொடங்கும் இடத்தில்
நட்டுவைக்கப் பத்து நாள் ஆனது.

ஒரு மத்தியானம், பதிமூன்றைத் தாண்டும்போது
கரண்ட் போனது.
தறி நின்றது.
கால் நிற்கவில்லை.

மாசியில் பந்தயம், நிஜ மலை.
பதினான்காம் வளைவு
நான் சுமந்து திரிந்ததைவிடச் சின்னது.
லாரி வரவில்லை.
ஏழில் காணோமே என்றிருந்த குரங்கு
இங்கே உட்கார்ந்து
எதையோ உரித்துக்கொண்டிருந்தது.