தாது பார்த்தல்

செந்தூல் கிளினிக்கில் இரத்தம் எடுப்பவள் நான்.
ஊசி இறங்குமுன் இரண்டு விரலால் தட்டி
தோலுக்கடியில் எது எங்கே ஓடுகிறதென்று
சொல்லிவிடுவேன்.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

அந்தக் குரலை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை.

இரவு பத்தரைக்கு டெலிகிராமில் வரும்.
முகம் கிடையாது.
"வணக்கம், என் தங்கங்களே."
ஒரு தொண்டைச் செருமல்.
பிறகு, பகாங் காட்டுக்குள் எங்கோ
ஏழாம் துளையில், எண்பது மீட்டர் ஆழத்தில்,
அவன் கண்ணால் பார்த்த மஞ்சள் கோடு.
"பங்கு இன்று பதினோரு சென்.
ஒரு தே தாரிக் விலைக்கு இருபது பங்கு.
குடித்துவிட்டுப் போகிறீர்களா,
மலையை வாங்கிக்கொள்கிறீர்களா?"

தொழில் தெரிந்தவன்.
விற்றவர்களைத் திட்டமாட்டான்,
பெயர் சொல்லிப் பரிதாபப்படுவான்.
"காப்பார் குணாளனுக்குக் கை நடுங்கிவிட்டது, பாவம்."
மறுநாள் எங்களில் யாருக்கும் கை நடுங்கவில்லை.
காலை வணக்கம் போய்
"பிடி" என்று எழுதினோம்.
"பிடி" என்று பதில் வந்தது.

பதினெட்டு. இருபத்து மூன்று.
பக்கத்து நாற்காலி லோகேஸ்வரிக்கு
நான்தான் சொன்னேன்.
மகனின் பாலிடெக்னிக் பணம், எட்டாயிரம் வெள்ளி.
"நீங்க சொன்னா சரிக்கா."
துளை எண்ணை, மீட்டரை, மஞ்சள் கோட்டை,
அவன் செருமும் இடத்தில் நானும் செருமி
ஒப்பித்திருக்கிறேன்.

இருபத்தொன்பதில், ஒரு செவ்வாய்க்கிழமை,
கழிப்பறைக்குள் நின்று விற்றேன்.
வெளியே வந்து கை கழுவினேன், சோப்புப் போட்டு.
"எப்படிக்கா போகுது?" என்றாள்.
"பிடி" என்றேன்.

இந்த ஊரே ஈயத்துக்காகத் தோண்டியதுதான்.
இரண்டு ஆறுகள் சேறாய்ச் சேரும் முனை;
பெயரிலேயே சேறு இருக்கிறது.
தோண்டி முடித்த பள்ளங்கள் ஏரியாகி
கரையில் கொண்டோ விற்கிறார்கள்.
மலையைக் கெல்லி எலி பிடித்த கதை சொல்வார்கள்.
இவன் மலையைத் தொடவே இல்லை.
எலிகள் நாங்களாகவே வந்தோம்.

நான்கு சென்னில் வர்த்தகம் நின்றது.
பத்தரைக்குக் காத்திருந்தோம்.
மூன்றாம் வாரம் குழுவின் பெயர் மாறியிருந்தது:
ரவூப் டுரியான், முன்பதிவுக்கு.
இருநூறு பேர் இன்னும் வெளியேறவில்லை.
நானும்.

இன்று ஊழியர்களுக்கான பரிசோதனை.
லோகேஸ்வரி என் முன் கை நீட்டுகிறாள்.
பட்டையை இறுக்கித் தட்டுகிறேன்.
மண்ணுக்குள் கிடப்பதும் தாது,
மணிக்கட்டில் துடிப்பதும் தாது.
இவளுக்கு நன்றாகத்தான் ஓடுகிறது.
இரண்டு முறை குத்தியும் எனக்குக் கிடைக்கவில்லை.
"மெதுவா எடுங்கக்கா," என்கிறாள்,
சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி.

மூன்றாவதில் வந்தது.
குழாய் நிறைந்ததும் ஊசியை உருவி
பஞ்சை வைத்து அழுத்துகிறேன்.
இந்த இடத்தில் எல்லோரிடமும் சொல்லும் ஒரு சொல் உண்டு.
வாயில் வரவில்லை.

அவளே பிடித்துக்கொள்கிறாள்.