கோட்டு

மண்டபம் மீன்துறை அலுவலகத்தில்
மின்விசிறிக்குக் கீழே இருந்தவர் கேட்டார்:
படகேறும்போது என்ன உடுத்தியிருந்தார்?

கைலி. நீலப் பனியன். கோட்டு.

கோட்டா?
நிமிர்ந்து பார்த்தார்.
கல்யாண வீட்டுக்கா போனார் என்று
கேட்காமல் கேட்டது புருவம்.

மஞ்சளா இருக்கும் சார்.
தலைக்கும் சேர்த்துத் தைத்தது.
இடது முழங்கையில் சைக்கிள் டியூப் ஒட்டு,
நான்தான் ஒட்டினேன்.

ஓ, என்று எழுதினார், நல்ல கையெழுத்தில்:
மழையங்கி, ஒன்று.

தங்கச்சிமடத்தில் அந்தச் சொல்லை
யார் வாயிலும் கேட்டதில்லை.
மகளின் பாடப்புத்தகத்தில் ஒரு பையன்
அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவான்.
அவன் ஊரில் மழை பெய்யும்.

எங்கள் கோட்டு
கச்சான் வாரியடிக்கும் உப்புத்தண்ணிக்கு.
வலை இழுக்கையில் நெஞ்சில் வழியும் செதிலுக்கு.
ஐஸ் பெட்டி சுமக்கும்போது முதுகு விறைக்காமலிருக்க.
சுருட்டினால் தலையணை.
விரித்தால் சோற்றுச்சட்டிக்கு மூடி.
மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது
ஆறு மாதம் அவளுக்குக் கீழே.

மழை வந்தால்?

சூசைமரியான் சொல்லியிருக்கிறார்.
நடுக்கடலில் மழை இறங்கினால்
ஐந்து பேரும் கோட்டைக் கழற்றிவிடுவார்களாம்.
அண்ணாந்து, வாயைத் திறந்து,
சோப்பு இருந்தால் சோப்பு.
கோட்டை மல்லாத்தி நாலு முனை பிடித்து
கேனில் வடிப்பார்களாம்.
குடம் பதினைந்து ரூபாய்க்கு
நல்ல தண்ணி வாங்குகிற ஊர்க்காரர்கள்
வேறென்ன செய்வார்கள்.

இதை அந்த அலுவலரிடம் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டேன்,
மழையங்கிக்கும் சேர்த்து.

நாற்பத்தாறாம் நாள் வந்தார்.
தாடி. ஒரு பிளாஸ்டிக் பை.
கோட்டு இல்லை, படகோடு அங்கேயே.
மூன்று நாள் கழித்துத்தான் பேச்சு வந்தது,
அதுவும் இதைப் பற்றி:

"சாமான் கணக்கெடுத்த போலீஸ்காரன்
அதை எடுத்து உதறி
வெஸி கபாய-ன்னான் புள்ள."

கபாயா?
கீழக்கரை முதலாளி வீட்டு அலமாரியில்
அத்தர் மணக்கத் தொங்குமே, அந்தக் கபாயா?

அவருக்கும் அப்படித்தான் தோன்றியதாம்.
சிரித்துவிட்டாராம்,
சிரிக்கக்கூடாத இடத்தில்.
அதற்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லவில்லை.
சட்டையைக் கழற்றியபோது பார்த்துக்கொண்டேன்.

பாம்பன் கடைத்தெருவில் புதுசு எண்ணூற்றைம்பது.
ரெயின்கோட்டா, ஆயில்கோட்டா என்றார் கடைக்காரர்.
கோட்டு, என்றேன்.
பிரித்துத் தோளில் வைத்து அளவு காட்டினார்.
வாங்கி, மல்லாத்தி,
நாலு முனையையும் கூட்டிப் பிடித்து
வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்,
எங்காவது ஒழுகுமா என்று.