பிக்கப்

"டில்லிபாபு, பிக் அப். அர்த்தம் சொல்லுங்க."
எழுந்து நின்னேன்.
தண்டையார்பேட்டையில பேக்கரிக்கு மேல மாடி,
கீழ பன் வேகற வாசனை.
கன்டெய்னர் லாரி திரும்பினா போர்டு ஆணியில ஆடும்.
"நான் ஓட்டறதே பிக்கப் வண்டிதான் மிஸ்.
ஆனா அதுக்குப் பிக்கப் இல்ல,
எண்ணூர் ஹைரோட்ல செகண்ட் கியர்லயே இருமிகினு வரும்."
சிரிச்சாங்க. ஃபிலோமினா மிஸ் சிரிக்கல.
அது பெயர்ச்சொல்லாம். அவங்க கேட்டது வினையாம்.

சாக்பீஸைக் கீழ போட்டு எடுத்துக் காட்டினாங்க. இது ஒண்ணு.
புள்ளைய ஸ்கூல்லேர்ந்து இட்டுனு வர்றது.
வியாபாரம் சூடு பிடிக்கறது. சளி பிடிக்கறது.
டவர் கிடைக்கறது.
ஹோட்டல்ல நீயே பில்லு கட்டறது.
கேட்டுக் கேட்டே பாஷை ஒட்டிக்கறது,
மூணு மாசமா ஃபீஸ் கட்றேன், ஒட்டல.
பீச்சுல ஒருத்தியை மடக்கறதை மட்டும்
வேகமா சொல்லிட்டு அழிச்சிட்டாங்க.
பின்னாடி ரஃபீக், "மிஸ், மறுபடியும்."

பாக்கெட்ல போன் நடுங்கிச்சு. ஓனர்.
"காசிமேட்ல இன்னும் எடுக்கலையா? கேளு."

என் வண்டியில போறது ஃப்ரீசர் பாக்ஸ்.
ராத்திரி இறக்குவேன், மறுநாள் ஏத்துவேன்,
நடுவுல ஒரு தடவை கேட்டாகணும்:
எப்ப எடுக்கறீங்க?
பசி எடுக்குது, வாந்தி எடுக்குது,
நல்ல பேர் எடுக்கறோம், லீவு எடுக்கறோம்,
எங்கேயும் எதைன்னு சொல்லியாகணும்.
சாவு வூட்ல மட்டும் சொல்றதில்ல.

மஸ்கட் பையனுக்குக் காத்துகினு இருந்தாங்க.
கண்ணாடி மேல செத்தவரோட போன்,
பாக்ஸ் சொருகின அதே போர்டுல
சார்ஜ் ஏறிகினு இருந்துது.
அடிச்சிது.
"நீ எடுப்பா"ன்னாங்க அந்தம்மா.
நான் பாக்ஸ் கைப்பிடியைப் பிடிச்சேன்.
"ஐயோ, போனை."

அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, லோன் கம்பெனி,
சுத்தமான இங்கிலீஷு.
ரெண்டு நாளா சார் எடுக்கவே இல்லையாம்.
பந்தலே என் வாயைப் பார்த்துது.
"மேடம், ஹீ வில் நாட் பிக் அப்."
இலக்கணம் சரி.
எத்தனாவது அர்த்தம்னு தெரியல.
கீபோர்டுல எதையோ தட்டற சத்தம் கேட்டுது.

நாலு மணிக்குப் பையன் வந்தான்.
நாலரைக்கு எடுத்தாங்க.
ப்ளக்கைப் பிடுங்கினேன், தண்ணிய வடிச்சேன்.
காலி பாக்ஸை ரெண்டு பேர் தூக்கிடலாம்.
ஆறு பேர் ஓடி வந்தாங்க.