வெள்ளிக்கிழமை டிஸ்க்

பறவைக் காய்ச்சல் வந்த வருடம்
புளியரை செக்போஸ்ட்டில்
கேரளத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு டயருக்கும்
மருந்தடித்தார்கள்.
வைக்கோலை இறக்கிவிட்டு
காலியாகத் திரும்பும் எங்கள் லாரிகளுக்கும்.
புக்கிங் ஆபீஸ் வாசலில்
ஆஸ்பத்திரி வாடையோடு வந்து நிற்கும்.

அந்த வருடம்தான்
ஒரு புதன்கிழமை, பதினொன்றே காலுக்கு,
'பாக்கி இன்வாய்ஸ்' என்று மெயில் வந்தது.
கொல்லத்து முந்திரிக் கம்பெனியின் பெயர்,
ஒரே ஓர் எழுத்து மாறி.
நான் பார்க்கவில்லை.
திறந்தேன். வெள்ளைத் திரை.
மூடிவிட்டு டீக்குப் போனேன்.

டீ ஆறுவதற்குள்
ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும்
வால் முளைத்திருந்தது.
வாடகை, டீசல், டோல்,
பூஜைக்கு எடுத்த குரூப் போட்டோ உட்பட.
சிவப்புக் கட்டத்தில் கெடு: எழுபத்திரண்டு மணி நேரம்.
தொகையைப் படித்துவிட்டு
மைதீன் பிச்சை முதலாளி கேட்டார்,
"இது எந்த ஊர்க் காசும்மா?"

செங்கோட்டையிலிருந்து இசக்கிதுரை வந்தான்.
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
முதலில் நெட் வயரைப் பிடுங்கினான்.
"பேக்கப் இருக்கா?"
இருக்கு என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
தினமும் எடுக்கிறேன், இதோ டிஸ்க்,
வாங்கிய நாளிலிருந்து கழற்றியதே இல்லை.

பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டு
ஊருக்குப் போனவர்கள் வீட்டைப் பார்ப்பதுபோல்
அதைப் பார்த்தான்.
உள்ளேயும் வால்கள்.

பணம் கட்டினாலும் திறப்பான் என்பதற்கு
எந்தச் சீட்டும் இல்லை, கட்டாதீர்கள் என்றான்.
முதலாளி கட்டவில்லை.
கொள்கை ஒன்றுமில்லை,
எப்படி அனுப்புவதென்று அவருக்குத் தெரியவில்லை.

பில்கள் திரும்பி வந்தன.
புனலூர் ஏஜென்ட் லில்லிக்குட்டி
இரண்டு வருடத்துப் படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்,
ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் கட்டைவிரல்.

திரும்பாதது
டிரைவர்களின் முன்பணக் கணக்கு.
முப்பத்தொரு பேர்.
அது என் எக்செல்லில் மட்டுமே இருந்தது.

செய்தி மலையேறி ஆரியங்காவு போய்
இறங்கி வருவதற்குள்
பாதிப் பேரின் கடன் பாதியாகிவிட்டது.
லாசருக்குக் கடனே இல்லையாம்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
காலண்டரைப் பார்த்துச் சொன்னான்.
எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

கடைசியாக வந்தவர் ஆவுடையப்பன்.
"பதினாலாயிரத்து இருநூறு.
மக காது ஆபரேஷனுக்கு வாங்கினது."

என் நினைவில் பதினோராயிரம்.

வாயைத் திறந்தேன், மூடினேன்.
புதன்கிழமைக்கு அப்புறம்
என் நினைவின்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.
பதினாலாயிரத்து இருநூறு என்று
பேனாவால் எழுதினேன்.

இப்போது இரண்டு டிஸ்குகள்.
ஒன்றில் சிவப்பு நெயில்பாலிஷ் பொட்டு.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
பேக்கப் முடித்துக் கழற்றினால்
சின்னதாக ஒரு சத்தம், விளக்கணையும்.
பிஸ்கட் டப்பாவில் வைத்து
ஆவுடையப்பன் வண்டியில் ஏற்றுவேன்.
அது லில்லிக்குட்டியின் பீரோவில்
வேறு மாநிலத்தில் தூங்கும்.
மற்றது மலையிறங்கி வரும்.
இரண்டும் ஒரே அறையில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஒருமுறை ஆரியங்காவில்
டப்பாவைக் குலுக்கிப் பார்த்து
"எந்தா இது?" என்றாராம் ஒரு போலீஸ்காரர்.
"எங்க ஆபீஸ் தீப்பிடிச்சா
மிச்சம் இருக்கப்போறது, சாரே."

மெயில் வந்தால் இப்போது
அனுப்பியவர் பெயரை
நம்பர் பிளேட்டைப் போல
எழுத்தெழுத்தாகப் படிக்கிறேன்.

மாதத்தின் முதல் திங்கள்,
மலையிறங்கி வந்த டிஸ்க்கைச் செருகி
திறக்கிறதா என்று பார்க்க
ஒரு கோப்பைத் திறப்பேன்.
எப்போதும் அதே கோப்பு, அதே வரிசை.
மாதம் ஐந்நூறாகக் கழிகிறது.
பதினோராயிரத்தைத் தாண்டிப் போயாயிற்று.

இன்னும் நான் கேட்கவில்லை.