பன்னிரண்டுக்கு எத்தனை

பிப்ரவரி. ஃப்ரை பெந்தோஸில்
ஆற்றுப்பக்கமிருந்து கொசு வருகிறது, காற்று வரவில்லை.
குடுவையில் மாத்தே ஆறிக் கசந்துவிட்டது.
இரவுப் பள்ளியின் விடைத்தாள்கள் பத்தொன்பது.
மூன்றாம் கேள்வி, நானே எழுதியது:
விலங்குத் திசுக்களின் வகைகளையும் பணிகளையும் விளக்குக.

பதினெட்டுப் பேர் விளக்கிவிட்டார்கள்.
எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு.
ஒரே வரிசை, ஒரே எழுத்துப்பிழை,
ஜன்னலோர பெஞ்சில் கிளம்பிக்
கதவு வரை நடந்துபோன பிழை.

பத்தொன்பதாவது தாளில் கொழுப்பு மணக்கிறது.
எல்பியோ லார்ரோசா, வயது நாற்பத்தாறு,
இறைச்சி ஆலை, எலும்பு நீக்கும் பிரிவு, பகல் ஷிப்ட்.

"தோலுக்கும் சதைக்கும் நடுவில்
பஞ்சு மாதிரி வெள்ளையாய் ஒன்று இருக்கும்.
அதற்குக் கத்தி வேண்டாம், முஷ்டி போதும்.
பிடித்தும் வைக்கும், விட்டும் கொடுக்கும்.
பெயர் மறந்துவிட்டது டீச்சர்."

தளர்வான இணைப்புத் திசு என்று
ஓரத்தில் சிவப்பில் எழுதினேன்.

"குடலின் உள்பக்கம் வெல்வெட்.
அலசுகிற பெண்களைக் கேளுங்கள்,
நகம் பட்டாலே வழண்டுவிடும்.
அவ்வளவு மெல்லிசுதான்
புல்லை மாடாக்குகிறது."

உறிஞ்சுதல் என்று இருக்க வேண்டும்.
பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

"ரத்தமும் இணைப்புத் திசுவாம், புத்தகம் சொல்கிறது.
இருபத்திரண்டு வருஷமாய் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறேன்.
என் பூட்ஸைத் தரையோடு ஒட்டவைத்ததைத் தவிர
அது எதையும் இணைத்து நான் பார்த்ததில்லை.
மார்க்குக்காக எழுதுகிறேன்.

தசை மூன்று.
சொன்னால் கேட்பது ஒன்று, அது கப்பலேறிவிடும்.
சொல்லாமலே வேலை பார்ப்பது ஒன்று, இரைப்பையில்,
அது ஞாயிற்றுக்கிழமை எங்கள் சட்டிக்கு.
மூன்றாவது இதயம்.
மாட்டை விட்டு வந்த பிறகும்
எஃகு மேசையில் கொஞ்ச நேரம் துடிக்கும்.
சேர்ந்த புதிதில் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.
பிறகு இறங்கியது."

அடுத்து அரைப் பக்கம் காலி.
அழித்து அழித்துத் தாள் நைந்திருக்கிறது.

"நரம்பு பற்றி அதிகம் தெரியாது.
வெள்ளை நூல். என் இடது மோதிர விரலில் ஒன்று அறுந்தது.
தைத்தார்கள். சதை கூடியது, தோல் மூடியது,
அது மட்டும் திரும்பவில்லை.
அடுப்பில் பட்டால்
மூக்கு சொல்லித்தான் விரலுக்குத் தெரியும்.
ஆகவே, நரம்பின் பணி:
சீக்கிரம் சொல்வது."

படம் வரைக என்றதற்கு
ஒரு மாடு நிற்கிறது, பக்கவாட்டில்,
கத்தி போகும் வழியெல்லாம் புள்ளிக்கோடு.
செல் என்ற சொல் எங்குமே இல்லை.
உட்கரு இல்லை, நியூரான் இல்லை.
விடைக்குறிப்பின்படி ஐந்து. தேற ஆறு வேண்டும்.

நான் படித்த திசுக்கள்
மெழுகில் உறைந்து, முடியினும் மெல்லிசாய்ச் சீவப்பட்டு,
ஊதாவும் ரோஜா நிறமும் ஏறி
இரண்டு கண்ணாடிக்கு நடுவே கிடந்தவை.
ஒன்றுகூட வெதுவெதுப்பாய் என் கைக்கு வந்ததில்லை.
அதற்காக மார்க் போட முடியுமா?
செல் இல்லாமல் எப்படித் திசு?
தலைமையாசிரியர் ஃபகுந்தஸ் கேட்பார்,
கேட்க வேண்டியதுதான்.

ஐந்து என்று எழுதப்போய்ப் பக்கத்தைத் திருப்பினேன்.
தாளின் விளிம்பு ஆள்காட்டி விரலைக் கீறியது.
முதலில் சுரீர் என்றது,
பிறகுதான் சிவப்பு தெரிந்தது.
விரலை வாயில் வைத்துக்கொண்டு
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் கீறல் ஒட்டியிருந்தது.
யாரும் சொல்லாமல், ராத்திரியோடு ராத்திரியாய்.
அவருடைய தாளில்
மூன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும்
ஒரு பழுப்புப் பொட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன.
பிரிக்கப் பார்த்தேன். கிழியும் போலிருந்தது.

பொட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்:
லார்ரோசா, இணைக்கிறது. பாருங்கள்.
செல் பற்றிப் படித்துவிட்டு வியாழக்கிழமை வரவும்,
வாய்மொழித் தேர்வு, ஒரு மதிப்பெண்ணுக்கு.