லாபம்

கீழமாரட் வீதி, வெங்காய மண்டி.
ராத்திரி ஒன்பதே காலுக்கு
பில் போடும் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன்,
ஒன்றிலிருந்து பத்துவரை ஏறி
மறுபடி ஒன்றுக்கு இறங்கும் எண்ணை.

12345678910987654321

இருபது இலக்கம்.
வாயால் சொன்னால் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றேதான்.
இலக்கம் இலக்கமாய்த் திருப்பிப் படித்தால்
உச்சியில், அந்தப் பத்தில், கால் இடறும்.

ஒன்பதோடு திரும்பியிருந்தால் கதை வேறு.
அது ஒன்பது ஒன்றுகளை வரிசையாய் எழுதிய எண்ணின் வர்க்கம்,
நீளமும் அகலமும் சமமாய் அட்டி போட்டுவிடலாம்.
ஒரு படி கூட ஏறியதில்
எந்த அட்டிக்கும் அடங்காது போயிற்று என்கிறார்கள்.
எனக்கு நானே வகுத்துப் பார்க்க வேண்டும்.
மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையாக
முந்நூற்று ஐம்பத்தொரு கோடிச் சொச்சம் வரை.
அதற்குமேல் தேட வேண்டியதில்லை.
பெரிய காரணி ஒன்று ஒளிந்திருந்தால்
அதன் சின்னக் கூட்டாளி இதற்குள் மாட்டியிருக்கும்.

இரண்டு மணிக்கு நாசிக் லாரி.
முதல் மூட்டை பலகையில் இறங்கும்போது
ஒச்சப்பன் ஒன்று என்று சொல்வதில்லை.
"லாபம்."
அப்புறம்தான் ரெண்டு, மூணு.
காதில் மூட்டை, கையில் பேனா,
கண் மட்டும் திரையில்.

மூன்றே முக்காலுக்கு நின்றது.
எதுவும் மாட்டவில்லை.
பகா எண்.

இதற்கு அடுத்தது
இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தாறுவரை
ஏறி இறங்கினால்தான் உண்டாம்.
பதினேழாயிரம் இலக்கத்துக்கு மேல்.
எங்கள் கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி பில்லுக்கே மூச்சு வாங்கும்.

"லாபத்துக்கும் தனக்கும் தவிர
எவனுக்கும் சரியாப் பங்கு வராத நம்பர்" என்றேன்.
"அவ்வளவு ரூபா கூலி வந்தா?"
மூட்டைமேல் உட்கார்ந்தபடி அபுதாகிர் கேட்டான்.
இங்கே கூலியைத் தலைக்குச் சமமாய்ப் பிரிப்போம்,
பிரியாத மிச்சம் டீக்கு.

பில்லின் முதுகில் வகுத்தேன்.
இரண்டு பேருக்குப் பிரித்தால் மிச்சம் ஒரு ரூபாய்.
மூன்று பேருக்கும் ஒன்று.
நான்கு, ஐந்து, ஆறு: ஒன்று, ஒன்று, ஒன்று.
எட்டு, ஒன்பது, பத்து,
பதினொன்று, பன்னிரண்டு...
அதே ஒன்று.
ஒரு ரூபாய்க்கு டீயின் ஆவிகூட வராது.

"ஏழை விட்டுட்டீங்களே, கணக்கு"
என்றார் ஒச்சப்பன்.

ஏழுக்கு மட்டும் மிச்சம் ஐந்து.
அன்று லாரியில் ஏறியவர்கள் ஏழு பேர்.

"ரூபாயை விடு, அஞ்சு டீன்னே வச்சுக்குவோம்."
எதிர்க்கடையில் ஐந்து டீயை ஆற்றி
கிளாஸ்களில் பிரித்து ஊற்றினார்கள்.
எண்ணினேன், எட்டு கிளாஸ்.
"என்னைச் சேர்த்தால் எட்டுப் பேர்,
மிச்சம் ஒன்றாகிவிடும்" என்றேன்.

நுரை வழிந்த முதல் கிளாஸை
என் பக்கம் தள்ளி
ஒச்சப்பன் எண்ண ஆரம்பித்தார்.
"லாபம்."